தெரியாத தலைப்பில் கருத்தரங்கு உரை: ஆறு வாரத்தில் தயாராவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதுதான் அவருடைய ஆய்வு. இன்னும் ஆறு வாரத்தில் மரபுக் கட்டடங்கள் பற்றி ஒரு கருத்தரங்கு. அதில் 'செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு' பற்றி இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "வேதியியல்காரர் ஒருவர் வேண்டும் என்று என் பேரைப் போட்டுவிட்டார்கள். இந்தச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவன்தான், ஆனால் பூச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதிரே கட்டடக் கலைஞர்கள், கொத்தனார்கள், வீட்டுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒத்துக்கொள்ளலாமா? எங்கே தொடங்குவது?" என்பது கேள்வி.

ஒத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஆறு வாரம் தாராளம். அதைச் செலவழிக்கிற விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நான்கு வாரம் படிப்பு, ஐந்தாம் வாரம் ஸ்லைடு, ஆறாம் வாரம் பதற்றம். இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் கருத்தரங்கு வேலைகளில் நெடுநாளாக இருக்கிறேன். மேடையில் திணறுகிறவர்களில் பலர் நன்றாகப் படித்துவிட்டு வந்தவர்கள். படித்ததில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்யாமலே மேடை ஏறிவிடுகிறார்கள்.

அதனால் நான் முதலில் சொல்வது இதுதான். படித்து முடித்துவிட்டுப் பேச்சை எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே எழுதிவிடுங்கள். இப்போது உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து ஐந்து நிமிடப் பேச்சு. தப்பும் தவறுமாக இருக்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் பேசி, போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். "அதாவது... வந்து..." என்று எங்கெல்லாம் இழுக்கிறீர்களோ, அங்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் படிக்க வேண்டியவற்றின் பட்டியல் அதுவே. நூலகத்தில் 'சுண்ணாம்பு' என்று தேடினால் ஆயுள் முழுக்கப் படிக்கலாம். இந்தக் கோடுகளை வைத்துத் தேடினால் இரண்டு வாரத்தில் முடியும்.

அந்த ஐந்து நிமிடத்தில் பேசுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. சுண்ணாம்பைப் பற்றித் தெரியாது என்கிறீர்கள், ஆனால் கார்பனேற்றம் உங்கள் அன்றாட வேலை. கான்கிரீட்டின் உள்ளே காரத்தன்மை அதிகமாக, பிஹெச் 12-க்கு மேலே இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே இறங்கி, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பிஹெச் 9-க்குக் கீழே இறங்கியதும் காப்பு போய்விடும், கம்பி துருப்பிடிக்கும், கான்கிரீட் வெடிக்கும். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள்.

இனி சுண்ணாம்புச் சுவருக்கு வாருங்கள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறி, கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. அதை மணலோடு சேர்த்துச் சுவரில் பூசியதும், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப வாங்கிக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. இது உங்களுக்குத் தெரிந்த அதே வினை. கான்கிரீட்டில் கம்பியைக் கெடுப்பதும், சுண்ணாம்புச் சுவரில் பூச்சைக் கல்லாக்குவதும் ஒரே வேதிமாற்றம். இதைச் சொல்ல அந்த அரங்கில் உங்களை விடப் பொருத்தமானவர் இருக்க மாட்டார். கட்டடக் கலைஞருக்கு வீட்டின் அமைப்பு தெரியும், கொத்தனாருக்குக் கைப்பக்குவம் தெரியும். இந்த வினையைப் பல வருடம் எதிராளியாகப் பார்த்துப் பழகியவர் நீங்கள் ஒருவர்தான்.

புதிய தலைப்பு எதுவானாலும் நான் முதலில் தேடச் சொல்வது இப்படி ஒரு வாசலைத்தான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றும், புதிய பொருளும் ஒட்டுகிற ஒரே ஒரு இடம். வணிகவியல்காரர் ஒருவரை நகரத்தார் வணிக வரலாறு பற்றிப் பேச அழைத்தால், பர்மா, இலங்கை, மலாயா என்று வரைபடம் போட்டு அலைய வேண்டாம். பழைய பேரேட்டில் ஒரு பக்கத்தையும், ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு எடுக்கும் முறையையும் இன்றைய இரட்டைப் பதிவுக் கணக்கு முறையோடு ஒப்பிட்டால் அவருக்கு அதுவே வாசல். கணக்கு ஆசிரியருக்குப் பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி, மாகாணி என்று 320-இல் ஒரு பங்கு வரை இறங்கும் பின்னங்கள் வாசல். வாசல் கிடைத்துவிட்டால் தலைப்பு பாதி பழகிவிடும்.

கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இரண்டாவது வாரமே தலைப்பையும் ஆய்வுச் சுருக்கத்தையும் கேட்டுவிடுவார்கள். அப்போது அவசரப்பட்டு 'செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சின் அறிவியல்' என்று அனுப்பிவிடாதீர்கள். அந்தத் தலைப்புக்கு ஒரு முனைவர் பட்ட ஆய்வும் போதாது. 'செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு எப்படி இறுகுகிறது?' என்று கேள்வியாகப் போடுங்கள். இருபது நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். வீடுகள் ஏன் குளுமையாக இருக்கின்றன, தேக்கு எங்கிருந்து வந்தது, ஆத்தங்குடித் தரைக்கல் எப்படிச் செய்கிறார்கள் என்பதெல்லாம் அழகான விஷயங்கள், ஆனால் உங்கள் கேள்விக்குள் வரவில்லை. 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதிலிருந்து இந்த வட்டாரத்தில் மரபுக் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பல உரைகள் முகப்பில் தொடங்கி, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு முழுக்கச் சுற்றிக் காட்டியே நேரத்தை முடித்துவிடுகின்றன. கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த வீடுகளிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டியதில்லை.

படிப்புக்கு வருகிறேன். புதிய துறைக்குள் நுழைய ஆய்வேடுகள் நல்ல வழி. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் சுண்ணாம்புச் சாந்து பற்றிய ஆய்வேடு ஒன்றைப் பிடித்து, அதில் முன்னாய்வுகளைத் தொகுக்கும் இரண்டாம் இயலை மட்டும் முதலில் படியுங்கள். துறையில் யார் என்ன செய்திருக்கிறார்கள், எதில் சண்டை நடக்கிறது என்று நூறு பக்கத்துக்குள் தெரிந்துவிடும். எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டுரை ஒன்றிரண்டு அதிலேயே தட்டுப்படும். அவற்றை எடுத்து முன்னுரை, படங்கள், முடிவுரை மட்டும் பாருங்கள். உங்கள் கோடுகளில் ஏதாவது ஒன்றுக்கு விடை இருக்கும்போல் தெரிந்தால் மட்டும் முழுதும் படியுங்கள். இல்லாவிட்டால் குறிப்பு எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பலரும் மறந்துவிடுவது தரநிலை ஆவணங்களை. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712, சுண்ணாம்புப் பூச்சு வேலைக்கு ஐ.எஸ். 2394 என்று இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. வாசிக்க வறட்சியாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரத்தில் துறையின் சொற்களும் வகைப்பாடுகளும் பிடிபட்டுவிடும். சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை வகை பிரித்திருப்பதைப் பார்த்ததுமே, எல்லாச் சுண்ணாம்பும் ஒரே மாதிரி இறுகுவதில்லை என்பது புரியும். காற்றை மட்டும் நம்பி இறுகுவது ஒரு வகை. களிமண் கலந்த கல்லைச் சுட்டதால் தண்ணீரோடு சேர்ந்தே இறுகுவது இன்னொரு வகை. உங்கள் ஐந்து நிமிடப் பேச்சில் இந்த வேறுபாடு இருந்திருக்காது. எதிரே இருக்கும் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வியே இதுவாக இருக்கக்கூடும்.

இப்போது முட்டைக்கு வருவோம். செட்டிநாட்டுப் பூச்சு என்று வாயெடுத்ததும் எல்லாரும் முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டி, கடுக்காய் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கட்டுரைகளிலும் அதுவே, வழிகாட்டிகள் சொல்வதும் அதுவே, கல்யாண வீட்டுப் பேச்சிலும் அதுவே. இதை உதறித் தள்ளவும் வேண்டாம், அப்படியே திருப்பிச் சொல்லவும் வேண்டாம். புதிதாக ஒரு துறைக்குள் போகிறவர் தன் தரத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுதான். எந்தப் பூச்சில், எதற்காக, யார் பார்த்துச் சொன்னது என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சுவரில் பல அடுக்கு இருக்கிறது. அடியில் கரடான மணலோடு சாந்து, மேலே போகப் போக நைசு, கடைசியில் தேய்த்துப் பளபளப்பாக்கிய மெல்லிய பூச்சு. வெள்ளைக்கரு பேசப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பூச்சுக்குத்தான். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சின் மினுமினுப்பை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள், அதையும் தேடிப் பாருங்கள். சர்க்கரை சேர்ந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கூடுதலாகக் கரையும் என்பது ஆய்வகத்தில் நீங்களே பார்க்கக்கூடியது. கடுக்காயில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இருக்கிறது என்பதும் தெரிந்ததே. ஆனால் கானாடுகாத்தானில் ஒரு குறிப்பிட்ட வீட்டின் குறிப்பிட்ட சுவரில் இவை இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி, அதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்காகவே, தாளில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்வேன். நான் பார்த்தது, மேஸ்திரி சொன்னது, அளந்து வெளியிடப்பட்டது. மேடையிலும் அதே பிரிவினையோடு பேசுங்கள். "இரண்டாம் பூச்சுக்குக் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுவோம் என்று மேஸ்திரி சொன்னார்" என்பது ஒரு வாக்கியம். "கடுக்காய் பூச்சைப் பலப்படுத்துகிறது" என்பது வேறு வாக்கியம். இரண்டாவதைச் சொல்ல உங்கள் கையில் அளவீடு இருக்க வேண்டும். இப்படிப் பிரித்துப் பேசினால் துறைக்காரர்கள் உங்களைப் புதியவர் என்று ஒதுக்க மாட்டார்கள். நம்பிக் கேட்பார்கள்.

மூன்றாவது வாரம் ஊருக்குள் இறங்கிவிடுங்கள். இங்கேயே இருப்பதால் உங்களுக்கு இது பெரிய சலுகை. சென்னையிலிருந்து வந்து பேசுகிறவருக்கு இது கிடைக்காது. பழுதுபார்க்கும் வேலை நடக்கிற வீடாகப் பாருங்கள். பூசி முடித்த சுவரைப் பார்த்து நிற்பதை விட, பூசும்போது பார்ப்பது பத்து மடங்கு பயன். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் விசாரித்தால் ஏதாவது ஒரு வீட்டில் வேலை நடக்கும். பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் நாலு ஊரில் இருப்பார்கள், சாவி காவலாளியிடம் இருக்கும். காவலாளி கதவைத் திறந்துவிட்டார் என்பதற்காகப் படம் எடுத்துவிடாதீர்கள். பங்காளிகளில் ஒருவரிடம் போனில் பேசி, எதற்கு என்று சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரிய ஆச்சி யாராவது இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கடைசியாக எப்போது வெள்ளையடித்தது, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எப்போது சிமெண்ட் ஒட்டுப் போட்டது என்பதெல்லாம் அவர்களுக்கு நாள் நட்சத்திரத்தோடு நினைவிருக்கும்.

மேஸ்திரியிடம் போனதும் "என்ன விகிதம் போடுவீங்க?" என்று நோட்டை எடுக்காதீர்கள். விகிதம் கேட்டால் விகிதம் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார். அரை நாள் கூடவே இருங்கள். ஊறப்போட்ட சுண்ணாம்பை எடுத்துக் கரணையில் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். கொஞ்சம் வழுக்கும், கொஞ்சம் ஒட்டும். அதைப் பார்த்ததும் தண்ணீர் தெளிப்பார், அல்லது இன்னும் அரைக்கச் சொல்வார். அந்த நேரத்தில் "இப்ப எதைப் பார்த்து முடிவு பண்ணினீங்க?" என்று கேளுங்கள். அப்போது சொல்வதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. மணல் எத்தனை சட்டி, எந்த ஆற்று மணல், சலித்ததா, பூசிய சுவரை எத்தனை நாள் நனைக்கிறார், வெயில் நேரடியாக அடிக்கிற பக்கம் சாக்கு கட்டுகிறாரா என்று கவனியுங்கள். கார்பனேற்றத்துக்கு ஈரம் வேண்டும். ரொம்பக் காய்ந்துபோனாலும் வினை நின்றுவிடும், துவாரங்களில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் காற்று உள்ளே போகாது. மேஸ்திரி சாக்கு கட்டி ஈரம் காக்கிறபோது செய்வது இந்த வேதியியலைத்தான். உங்கள் உரையின் நடுப்பகுதி முழுக்க இந்த ஒரு காட்சியிலிருந்து வந்துவிடும். அவருடைய அரை நாள் வேலை உங்களால் கெட்டிருந்தால், அரை நாள் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பேரைச் சொல்லலாமா என்று கேட்டு, சரி என்றால் மேடையில் சொல்லுங்கள்.

அடுத்து, சோதனை. உங்கள் ஆய்வகத்தில் பினாப்தலீன் கரைசல் கட்டாயம் இருக்கும். கான்கிரீட் துண்டை உடைத்து, புது முகத்தில் தெளித்து, காரம் மிச்சம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாவதையும் கார்பனேற்றம் ஆன இடம் நிறமில்லாமல் நிற்பதையும் பார்த்துப் பழகியிருப்பீர்கள். அதையே இங்கே செய்யுங்கள். சுவரைச் சுரண்ட வேண்டாம். இடிக்கிற வீடுகளில் பூச்சுத் துண்டு கூடை கூடையாகக் கிடக்கும். தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடும், பூச்சுத் துண்டுக்கு யாரும் விலை கேட்பதில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எந்த ஊர், எந்தக் கட்டு, எந்தச் சுவர் என்று அப்போதே துண்டின் பின்னால் எழுதிவிடுங்கள். பழைய துண்டை உடைத்துத் தெளியுங்கள். மேஸ்திரி போன வாரம் பூசிய மாதிரித் துண்டிலும் தெளியுங்கள். புதியது பளிச்சென்று சிவக்கும், ஓரத்தில் மட்டும் காற்றுப் பட்ட ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும். பழையது பெரும்பாலும் நிறமே மாறாது. அப்படியில்லாமல் பழைய துண்டின் உட்புறத்தில் எங்காவது சிவப்புத் தெரிந்தால், அதைப் படம் எடுத்து அளந்து வையுங்கள். உரையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுவாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அமிலம் ஊற்றி நுரை வந்தால் சுண்ணாம்பு, வராவிட்டால் சிமெண்ட் என்று யாராவது சொன்னால் நம்பிப் பேசிவிடாதீர்கள். பழைய சிமெண்ட் பூச்சிலும் கார்பனேட் உண்டு, அதுவும் நுரைக்கும். இந்த மாதிரிப் பாதி உண்மைகள் எல்லாத் துறையிலும் உலவும். புதியவர் மாட்டிக்கொள்வதும் இவற்றில்தான். உங்கள் சொந்தத் துறை அறிவை வைத்துச் சரிபார்க்க முடிந்ததை மட்டும் மேடைக்கு எடுத்துப் போங்கள்.

நான்காம் வாரத் தொடக்கத்தில் முதல் ஐந்து நிமிடப் பதிவை மறுபடி கேட்டுவிட்டு, முழு உரையை எழுதுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தை முதலில் எழுதுவது நல்லது. கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன சொல்ல வேண்டும்? "இந்தச் சுவர் காற்றைக் குடித்து இறுகுகிறது, அதனால் அதன் மேல் காற்றுப் போகாத எதையும் பூசக்கூடாது." இதுதான் உங்கள் முடிவு என்றால், இதற்குப் படியாக அமையாத ஸ்லைடு ஒவ்வொன்றும் வெளியே போக வேண்டியதுதான். சுண்ணாம்பின் உலக வரலாறு, ரோமானியர், எகிப்து எல்லாம் முதல் ஸ்லைடிலேயே வந்து உட்கார ஆசைப்படும். விடாதீர்கள். உடைந்த ஒரு பூச்சுத் துண்டைக் கையில் தூக்கிக் காட்டி, எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லி, நேராகக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

சமன்பாடுகளில் மூன்று போதும். சுடுவது, நீற்றுவது, இறுகுவது. ஒரு வட்டமாக ஒரே ஸ்லைடில் போடுங்கள். கல்லாக இருந்தது மறுபடி கல்லாவதைப் படமே சொல்லிவிடும். மேஸ்திரிகள் உட்கார்ந்திருக்கும் அவை என்பதால் வேதிக் குறியீட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் சொல்லும் பேரையும் போடுங்கள். சுட்ட சுண்ணாம்பு, நீர்த்த சுண்ணாம்பு, காரை. ஸ்லைடில் வாக்கியங்களாக எழுதி, திரும்பி நின்று வாசிக்கிற பழக்கம் இருந்தால் இந்த ஒரு முறையாவது விட்டுப் பாருங்கள். படம், அதன் கீழ் ஐந்தாறு சொல். அதற்கு மேல் வேண்டாம்.

எழுத்துருவை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருடா வருடம் பார்க்கிறேன். பாமினி, வானவில் மாதிரிப் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத அரங்கத்துக் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துருவை உள்ளேயே பதித்து, ஒரு பிடிஎஃப் பிரதியும் எடுத்து, பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று வையுங்கள். முதல் நாள் மாலையே போய்ச் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

நேரம் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிடம் என்று இருக்கும். குத்துவிளக்கு ஏற்றி, தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று காலை அமர்வு எப்படியும் முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும். மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும் தள்ளிப் போகாது. நடுவில் இருக்கும் உரைகள்தான் சுருங்கும். "கொஞ்சம் சுருக்கமாக" என்று அமர்வுத் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பும்போது வேகவேகமாக ஸ்லைடைத் தள்ளுவதைத்தான் பார்க்கிறோம். அதற்குப் பதில் பன்னிரண்டு நிமிடப் பதிப்பு ஒன்றைத் தனியாகவே தயார் செய்யுங்கள். எந்த நான்கு ஸ்லைடு போனால் உரை உடையாது என்று முன்பே முடிவு செய்து, அவற்றுக்கு ஒரு மூலையில் புள்ளி வையுங்கள். அவையோரை விளிப்பதையும் ஒரே வாக்கியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருக்கும் அத்தனை பேரையும் பேர் சொல்லி வணங்கினால் இரண்டு நிமிடம் போய்விடும், வரவேற்புரையில் அதை ஏற்கனவே செய்துவிட்டார்கள்.

மேடையில் சோதனையைச் செய்து காட்டலாமா என்று கேட்பீர்கள். செய்யுங்கள். இரண்டு துண்டு, இரண்டு தட்டு, ஒரு தெளிப்பான். துண்டை அங்கேயே உடைத்துத் தெளிக்க வேண்டும், முன்பே உடைத்து வைத்தால் முகம் காற்றுப் பட்டுக் கெடும். கரைசல் சாராயத்தில் கரைத்தது, தீப்பிடிக்கும். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும் பக்கம் மேசையைப் போடச் சொல்லாதீர்கள். பின்வரிசைக்குத் தெரியாது என்பதால் முன்பே எடுத்த படத்தையும் அதே நேரத்தில் திரையில் போடுங்கள்.

ஐந்தாம் வாரம் ஒத்திகை. இரண்டு பேர் முன்னால் பேசிக் காட்டச் சொல்வேன். ஒருவர் உங்கள் துறை நண்பர், வேதியியலில் ஓட்டை இருந்தால் பிடித்துவிடுவார். இன்னொருவர் அந்த மேஸ்திரி அல்லது நீங்கள் பேசிவிட்டு வந்த வீட்டு ஆச்சி. இவர்களிடம் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு தம்பி" என்றுதான் பதில் வரும். "நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வது உங்கள் முடிவோடு பொருந்தவில்லை என்றால், எந்த இடத்தில் விலகியது என்று பார்த்து அங்கே திருத்துங்கள். மேஸ்திரி "நாங்க அப்படிச் செய்யறதில்லையே" என்று சொன்னால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், அல்லது ஏன் வேறுபடுகிறது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி நேரத்தைத்தான் புதியவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் வரக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே ஊகிக்கலாம். எத்தனை முட்டை போட்டார்கள் என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். எண் சொல்லாதீர்கள். வெள்ளைக்கரு எந்தப் பூச்சில் பேசப்படுகிறது, புரதம் இருந்ததா என்று கண்டுபிடிக்க என்ன சோதனை வேண்டும் என்று சொல்லுங்கள், அதுவே நல்ல விடை. வீடு குளுமையாக இருப்பது பூச்சினாலா என்று ஒருவர் கேட்பார். சுவரின் கனம், வளவின் திறப்பு, கூரையின் உயரம் எல்லாம் சேர்ந்தது, பூச்சின் பங்கைத் தனியே நான் அளக்கவில்லை என்று சொல்லிவிடலாம். இறுகுவது பற்றிப் பேச வந்தவரிடம் வேறு எதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் நன்றாகத் தயாராகப் போக வேண்டும், ஏனென்றால் அதில் ஒருவருடைய வீடும் பணமும் இருக்கிறது. "எங்க வீட்டுல கீழ்ப்பக்கம் மூணு அடிக்குப் பூச்சு உதிருது, சிமெண்ட் பூசிட்டாச்சு, மறுபடி உதிருது, என்ன பண்றது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு வீட்டுக்காரர் எழுந்து கேட்பார். தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் வழியை அடைத்ததால், பழைய பூச்சுக்கும் புதியதுக்கும் நடுவில் உப்பு படிகமாகி இரண்டையும் தள்ளுகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள், வடிகாலைச் சரி செய்யுங்கள், சிமெண்டை எடுத்துவிட்டுச் சுவரை உலரவிட்டு, பிறகு சுண்ணாம்பிலேயே பூசச் சொல்லுங்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். அந்த மேஸ்திரியும் அரங்கில் இருந்தால் அவரையும் எழுந்து பேசச் சொல்லுங்கள். எத்தனை நாள் உலரவிட வேண்டும், எந்த மாதத்தில் தொடங்கினால் நல்லது என்பதை உங்களை விட அவர் நன்றாகச் சொல்வார். அமர்வுத் தலைவர் மணியடித்தாலும், அந்த வீட்டுக்காரரை வெளியே வராந்தாவில் பிடித்து, மேஸ்திரியின் நம்பரை அவர் சம்மதத்தோடு கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.